கொலராடோ எல்எல்சியின் காலமுறை அறிக்கை தவறிவிட்டது, பதிவு முகவரின் முகவரியும் பழையது: எங்கிருந்து தொடங்குவது?

செந்தாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021 ஆகஸ்டில் கொலராடோவில் ஓர் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதிவு செய்தேன். நான் ஒருத்திதான் உறுப்பினர், ஊழியர் எவரும் இல்லை. பல் மருத்துவர்களின் சிறு மருத்துவமனைகளுக்குக் கணினி அமைப்புகளைப் பராமரித்துத் தருவது தொழில். பதிவுப் படிவத்தில் ‘ரெஜிஸ்டர்டு ஏஜென்ட்’, அதாவது பதிவு முகவர், என்ற கட்டத்தில் யாரைக் குறிப்பிடுவது என்று தெரியாமல் என் பெயரையே எழுதி, அப்போது டென்வரில் நாங்கள் குடியிருந்த அடுக்கக வீட்டின் முகவரியைக் கொடுத்தேன். நிறுவனத்தின் முதன்மை அலுவலக முகவரியும் அதுவே.

மூன்று ஆண்டுகள் மின்னஞ்சலில் நினைவூட்டல் வந்தது, நானும் ‘பீரியாடிக் ரிப்போர்ட்’ எனப்படும் காலமுறை அறிக்கையைச் சில நிமிடங்களில் தாக்கல் செய்துவந்தேன். 2025 மார்ச்சில் கணவரின் வேலை காரணமாக டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தோம். வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் புதிய முகவரியைத் தெரிவித்தேன், தபால் நிலையத்திலும் முகவரி மாற்றம் கொடுத்தேன். மாநில அரசிடம் மட்டும் தெரிவிக்கவில்லை. நினைவூட்டல் வந்துகொண்டிருந்த பழைய மின்னஞ்சல் கணக்கையும் இடையில் மூடிவிட்டேன்.

சென்ற வாரம் வங்கியில் கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போனபோது நிறுவனப் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும் ‘குட் ஸ்டாண்டிங்’ சான்றிதழ் கேட்டார்கள். கொலராடோவில் அதை இணையத்திலேயே கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அப்போதே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லித் தளத்தைத் திறந்தால், நிறுவனத்தின் நிலை என்ற இடத்தில் ‘நான்கம்ப்ளையன்ட்’ (விதிக்கு இணங்கவில்லை) என்று இருந்தது. சான்றிதழ் வரவில்லை. எதிரில் இருந்த வங்கி அலுவலரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

என் நிறுவனம் சட்டப்படி இன்னும் இருக்கிறதா, அறிக்கைக்கான கெடு முடிந்த அக்டோபருக்குப் பிறகு நான் அனுப்பிய விலைப்பட்டியல்கள் செல்லுமா, டெக்சாஸில் இருந்துகொண்டே நானே முகவராகத் தொடரலாமா என்பவையே என் முதன்மையான ஐயங்கள். இவற்றோடு, கழுகு முத்திரை அச்சிட்ட கடிதம் ஒன்று பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடப்பட்டு வந்திருக்கிறது. காலமுறை அறிக்கைக்காக 195 டாலர் காசோலை அனுப்பும்படி அதில் எழுதியிருக்கிறது. அனுப்பிவிடலாமா? இதையெல்லாம் மூடிவிட்டு வயோமிங்கில் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் இத்தொல்லைகள் எதுவும் இராது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதுவும் சரிதானா என்று அறிய விரும்புகிறேன்.

பேரேடு எழுதியது:

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் தாக்கலும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வழக்கறிஞன் அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கடிதம். காசோலை அனுப்பாதீர்கள். அது அரசுக் கடிதம் அன்று. பதிவேட்டில் உள்ள முகவரிகளை மொத்தமாக எடுத்து, அரசுப் படிவத்தின் சாயலில் அச்சிட்டு, தாங்களே தாக்கல் செய்து தருவதாகச் சொல்லிப் பல மடங்கு கேட்கும் தனியார் வேலை. அடியில் பொடி எழுத்தில் ‘இது அரசு நிறுவனம் அன்று’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும், பாருங்கள். கொலராடோவில் காலமுறை அறிக்கையைத் தாள்வழி அனுப்பும் வழக்கமே இல்லை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் மாநில அதிகாரியான செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் தளத்தில்தான் தாக்கல். உரிய காலத்தில் செய்தால் கட்டணம் 25 டாலர். 2024 ஜூலைக்கு முன் அது 10 டாலராக இருந்தது.

உங்கள் நிறுவனம் இருக்கிறது. கொலராடோவின் முறை மற்ற மாநிலங்களைவிடச் சற்றுத் தாராளமானது. பதிவான மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சாளரம் திறந்து, அம்மாதத்துக்குப் பின் இரண்டு மாதம் வரை திறந்திருக்கும். உங்களுக்கு ஆகஸ்ட் என்பதால் ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை ஐந்து மாதம் கிடைத்தது. அது கடந்ததும் ‘நான்கம்ப்ளையன்ட்’ ஆகும், மேலும் விட்டால் ‘டெலிங்க்வென்ட்’ (கடமை நிலுவையில் உள்ளது) ஆகும். நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள். இப்போது அறிக்கையைத் தாக்கல் செய்தால் 50 டாலர் தாமதக் கட்டணம் சேர்ந்தாலும் மொத்தம் நூறு டாலருக்குள் முடிந்துவிடும். அடுத்த படிக்குப் போய்விட்டால் அதே படிவம் போதாது. நிலுவையைச் சரிசெய்யும் தனி அறிவிப்பை 100 டாலர் கட்டித் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரை மாநில நீதிமன்றத்தில் உங்கள் நிறுவனம் வழக்கு நடத்த முடியாமல் போகும். பணம் தராத வாடிக்கையாளர்மீது வழக்குப் போட வேண்டிய நாளில்தான் இதன் அருமை தெரியும். நிலுவை நெடுநாள் நீடித்தால் பதிவேட்டில் உங்கள் நிறுவனப் பெயரின் பின்னால் ‘டெலிங்க்வென்ட்’ என்ற சொல்லும் தேதியும் ஒட்டிக்கொள்ளும், பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் வழி பிறக்கும். உங்கள் விலைப்பட்டியல்கள் செல்லும். அந்தப் பயம் வேண்டாம்.

ஆனால் அறிக்கையைவிட முகவர் பிரச்சினைதான் பெரிது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். காலமுறை அறிக்கை என்பது வரவுசெலவுக் கணக்கு அன்று. அதில் உங்கள் வருமானத்தை ஒருவரும் கேட்பதில்லை. ‘இந்த நிறுவனம் இன்னும் இருக்கிறதா, இருந்தால் எந்த வாசலில் வந்து கூப்பிட வேண்டும்’ என்று மாநிலம் ஆண்டுக்கொருமுறை கேட்கிறது, அவ்வளவே. அந்த வாசல்தான் பதிவு முகவர். வழக்கு ஆவணத்தையும் மாநிலத்தின் அறிவிப்பையும் உங்கள் சார்பில் கையில் வாங்குவதற்கென்றே சட்டம் வைத்திருக்கும் ஆள் அவர். அதனால்தான் அஞ்சல் பெட்டி எண் ஏற்கப்படுவதில்லை. மாநில எல்லைக்குள், ஆள் நேரில் வந்து கொடுக்கக்கூடிய தெரு முகவரி வேண்டும்.

கொலராடோ சட்டப்படி தனிமனிதர் முகவராக இருப்பதென்றால் அவருடைய முதன்மைக் குடியிருப்போ வழக்கமான தொழிலிடமோ அம்மாநிலத்தில் இருக்க வேண்டும். மார்ச்சில் நீங்கள் டெக்சாஸில் குடியேறிய நாளிலிருந்து அந்தத் தகுதி உங்களுக்கு இல்லை. ஆக, ஏழெட்டு மாதமாக உங்கள் நிறுவனத்துக்கு ஏட்டில் மட்டும் முகவர் இருந்திருக்கிறார்.

தபால் முகவரி மாற்றம் கொடுத்திருக்கிறேனே என்று நினைப்பீர்கள். அது தபாலுக்கு மட்டும், அதுவும் வழக்கமாகப் பன்னிரண்டு மாதத்துக்கு. சம்மன் கொண்டுவருகிறவர் தபால்காரர் அல்லர். பழைய வீட்டுக் கதவைத் தட்டுவார், வேறு யாரோ திறப்பார்கள், அவர் குறித்துக்கொண்டு போய்விடுவார். முயன்றும் முகவரிடம் ஆவணத்தைச் சேர்ப்பிக்க முடியாத நிலையில், நிறுவனத்தின் முதன்மை அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாலே சேர்ப்பித்ததாகக் கொள்ளும் வழி கொலராடோ சட்டத்தில் உண்டு. உங்கள் நிலைமையில் அந்த இரண்டாவது முகவரியும் முதலாவதும் ஒன்றுதான்! ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி என்று நினைத்து ஒரே சாவியை இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். கொலராடோவில் வணிக முறையில் இயங்கும் முகவர் நிறுவனம் ஒன்றை அமர்த்துங்கள். ஆண்டுக்கு நூறு டாலரை ஒட்டிய தொகைக்கே பல கிடைக்கும். அவர்களுடைய ஒப்புதல் கைக்கு வந்த பிறகு அறிக்கைப் படிவத்தைத் திறந்தால், அதே படிவத்திலேயே முகவரையும் முதன்மை அலுவலக முகவரியையும் மாற்றிக்கொள்ளலாம். முகவர் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் உறுதி கூறும் வரி அதில் இருக்கிறது. ஒப்புதல் வாங்காமல் யாரோ தெரிந்தவர் பெயரைப் போட்டுவிடாதீர்கள். முடித்த கையோடு, அத்தளத்தில் உங்கள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அறிவிப்பைப் புதிய முகவரிக்கு மாற்றிவிட்டு, கடவுச்சொல் பாதுகாப்பையும் இயக்கிவிடுங்கள். கவனிப்பாரற்றுக் கிடக்கும் நிறுவனங்களின் பதிவில் அந்நியர் புகுந்து முகவரியை மாற்றி, அந்தப் பெயரில் கடன் வாங்கும் மோசடிகள் நடந்திருக்கின்றன.

மாநிலத்திடம் முகவரி மாற்றினால் வருமான வரித்துறைக்கு அது தெரியாது. அவர்களுக்கு 8822-பி படிவத்தைத் தனியே அனுப்ப வேண்டும்.

டெக்சாஸ் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. பிறகு வருகிறேன்.

ஓரக்குறிப்பு எழுதியது:

பேரேடு சொன்ன ‘கதவைத் தட்டுவார்’ என்ற வரி எனக்கு நடந்தது. எழுதத் தயக்கம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

டெக்சாஸில் எனக்கு ஒரு சிறு அச்சகம் இருந்தது. பதிவு முகவராக ஒரு சேவை நிறுவனத்தை வைத்திருந்தேன். நான் பணம் கட்டிய கடன் அட்டை காலாவதியாகி, ஆண்டுக் கட்டணம் கழிக்கப்படாமல் நின்றது. அவர்கள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டும் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடந்திருக்கின்றன. பிறகு முறைப்படி முகவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை, சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து விலக அவர்களுக்கு உரிமை உண்டு. புதிய முகவரை நான் அமர்த்தவில்லை, ஏனென்றால் பழையவர் போனதே எனக்குத் தெரியாது.

காகிதம் தந்துவந்த ஒருவரோடு 9,400 டாலர் தகராறு இருந்தது. பாதிச் சரக்கு ஈரமாக வந்தது என்பது என் வாதம். புகைப்படங்கள் இருந்தன, லாரி ஓட்டுநர் கையெழுத்திட்ட சீட்டும் இருந்தது. அவர் வழக்குப் போட்டார். முகவர் இல்லாத நிறுவனத்துக்கு டெக்சாஸில் செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டே முகவராகக் கருதப்படுவார், அவரிடம் கொடுத்தால் நிறுவனத்திடம் கொடுத்ததாகவே ஆகும். அவர் அலுவலகம் பதிவேட்டில் இருந்த முகவரிக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கட்டடத்தை நான் காலி செய்து ஓராண்டு ஆகியிருந்தது.

டெக்சாஸில் மாவட்ட, கவுண்டி நீதிமன்றங்களில் பதில் மனு கொடுக்க வேண்டிய நேரம் ஒரு விசித்திரமான கணக்கு: ஆவணம் சேர்ந்து இருபது நாள் கழிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி. அந்தத் திங்கட்கிழமை நான் வழக்கம்போல் கடையில் அழைப்பிதழ் வெட்டிக்கொண்டிருந்திருப்பேன். எதிர்தரப்பு வராததால் அவர் கேட்டபடியே தீர்ப்பு. எனக்கு விஷயம் தெரிந்தது எப்போது என்றால், சம்பளக் காசோலை ஒன்று திரும்பி வந்து, வங்கியைக் கேட்டபோது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னபோதுதான். தீர்ப்பை மாற்ற வழியே இல்லை என்றில்லை, ஆனால் அதற்கு வழக்கறிஞர் கேட்ட தொகை தகராறுத் தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. கட்டிவிட்டேன். ஈரக் காகிதப் புகைப்படங்கள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன, எந்த நீதிபதியும் அவற்றைப் பார்க்கவில்லை.

முகவர் சேவைக்குப் பணம் கட்டும் அட்டையின் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

வயோமிங் யோசனைக்கு நான் பதில் சொல்கிறேன், அந்த யோசனையைக் கேட்டு நடந்தவன் என்ற முறையில்.

வயோமிங்கிலும் ஆண்டறிக்கை உண்டு. பதிவான மாதத்தின் முதல் நாள் கெடு. வயோமிங்கில் உள்ள சொத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள், குறைந்தபட்சம் 60 டாலர். அங்கே நீங்கள் வசிக்காததால் முகவர் சேவைக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். அங்கே பதிவு செய்துவிட்டு டெக்சாஸில் உட்கார்ந்து தொழில் செய்தால், டெக்சாஸ் உங்களை வெளிமாநில நிறுவனம் என்று கருதித் தனிப் பதிவு கேட்கும். ஒரு மாநிலத் தொல்லைக்குப் பயந்து இரண்டு மாநிலத் தொல்லையை வாங்கிய கதைதான் என்னுடையது. அந்த மாநிலம் உகந்ததாக இருக்கும் தொழில்களும் உண்டு, ஒரே ஊரில் உட்கார்ந்து ஒரே ஆளாகச் செய்யும் தொழில் அவற்றில் சேராது.

ஒரு மாநிலத்தின் பழக்கத்தை வைத்து இன்னொரு மாநிலத்தை எடைபோடக் கூடாது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். புளோரிடாவில் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கெடு, மே 1. எல்எல்சிக்கு 138.75 டாலர். மே 2 அன்று அதோடு 400 டாலர் தண்டம் சேரும். மன்னிப்பு மனு, பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. செப்டம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குள்ளும் தாக்கல் செய்யாவிட்டால் நான்காம் வெள்ளிக்கிழமை மாலை மாநிலமே நிறுவனத்தைக் கலைத்துவிடும். கலிபோர்னியாவில் எல்எல்சி இரண்டாண்டுக்கு ஒருமுறை 20 டாலர் கட்டித் தகவல் அறிக்கை கொடுத்தால் போதும், ஆனால் பதிவான 90 நாளுக்குள் முதல் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாமல் 250 டாலர் தண்டம் கட்டுகிறார்கள். அதற்கும் மேலே ஆண்டுதோறும் 800 டாலர் குறைந்தபட்ச வரி வேறு வரித்துறையிடம். நியூயார்க்கில் இரண்டாண்டுக்கு ஒருமுறை 9 டாலர்தான். மசாசூசெட்ஸில் எல்எல்சிக்கு ஆண்டுக்கு 500 டாலர். ஒஹாயோ, மிசூரி, நியூ மெக்சிகோ ஆகியவற்றில் எல்எல்சிக்கு ஆண்டறிக்கையே இல்லை, ஆனால் பதிவு முகவர் அங்கேயும் கட்டாயம். பென்சில்வேனியாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை மாற்றி 2025 முதல் ஆண்டுதோறும் 7 டாலர் என்று ஆக்கியிருக்கிறார்கள். எல்எல்சிக்குக் கெடு செப்டம்பர் 30. பழைய பழக்கத்திலேயே இருப்பவர்கள் அங்கே இனிமேல்தான் விழிக்கப் போகிறார்கள்.

டெலவேரைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். அங்கே எல்எல்சிக்கு அறிக்கை இல்லை, ஜூன் 1க்குள் 300 டாலர் வரி மட்டும். பங்குகள் வெளியிடும் நிறுவனமான கார்ப்பரேஷனுக்கு மார்ச் 1க்குள் அறிக்கையும் உண்டு, வரியும் உண்டு. தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கிய என் உறவினர் ஒருவருக்கு, ஒரு கோடிப் பங்குகளை அனுமதிப் பங்குகளாக (நிறுவனம் வெளியிடக்கூடிய உச்ச எண்ணிக்கையாக) எழுதி வைத்திருந்ததால், 85,165 டாலர் வரி என்று அறிவிப்பு வந்தது. கையில் வருமானம் ஒரு டாலர் இல்லை. இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தான். பங்கு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் முறையில் வந்த தொகை அது. சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இரண்டாவது முறையைப் படிவத்திலேயே தேர்ந்தெடுக்கலாம், அதன்படி அவன் கட்டியது குறைந்தபட்சமான 400 டாலரும் அறிக்கைக் கட்டணம் 50 டாலரும். எல்எல்சி வைத்திருக்கும் உங்களுக்கு இது பொருந்தாது, ஆனாலும் அந்த 85,165 என்ற எண்ணை நான் மறக்கப்போவதில்லை.

மூன்றாம்பிரதி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று மத்திய அரசிடம் தெரிவிக்கும் அறிக்கை என்று 2024 முழுவதும் பேசப்பட்டதே, அதையும் இந்த மாநில அறிக்கையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 மார்ச்சில் மத்திய அரசின் நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென் வெளியிட்ட விதி, அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ‘அந்த அறிக்கையே போய்விட்டதாமே’ என்று நினைத்து மாநில அறிக்கையையும் விட்டுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பழைய முகவரிக்குச் செல்லும் உங்கள் தபாலில் இதற்காகவும் பணம் கேட்டுக் கடிதம் வந்தால், 195 டாலர் கடிதத்தின் மேலேயே அதையும் போட்டு வையுங்கள்.

பேரேடு எழுதியது:

டெக்சாஸ் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்தாலும், குடியிருப்பும் கணினியும் உழைப்பும் டெக்சாஸில் நிலையாக இருக்கும்போது, நிறுவனம் அங்கே தொழில் நடத்துகிறது என்றுதான் கொள்வார்கள். கொலராடோ எல்எல்சியை அப்படியே வைத்துக்கொண்டு டெக்சாஸில் வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்ய 750 டாலர். தொழில் தொடங்கித் 90 நாள் கடந்துவிட்டால், பதிவில்லாமல் நடத்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் அல்லது ஆண்டின் பகுதிக்கும் அதே அளவு தாமதக் கட்டணம் சேரும். நீங்கள் மார்ச்சிலிருந்து இருக்கிறீர்கள், எனவே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இந்தப் பதிவு இல்லாதவரை டெக்சாஸ் நீதிமன்றத்தில் உங்கள் நிறுவனம் வழக்குத் தொடுத்து நடத்த முடியாது. செய்த ஒப்பந்தங்கள் செல்லாமல் போவதில்லை.

இரண்டாவது வழி, நிறுவனத்தையே டெக்சாஸ் எல்எல்சியாக மாற்றிக்கொள்வது. உருவாக்கச் சான்றுக்கு 300 டாலர், மாற்றப் பதிவுக்கு 300 டாலர். கொலராடோவிலும் மாற்ற அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனம் அதேதான், ஒப்பந்தங்களும் வங்கிக் கணக்கும் தொடரும், அதன்பிறகு கொலராடோவுக்குக் காலமுறை அறிக்கையும் முகவரும் தேவையில்லை. திரும்பிப் போகும் எண்ணம் இல்லையென்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதுவரை பதிவில்லாமல் இருந்த மாதங்களை எப்படி நடத்துவது என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நான் சொல்லக் கூடாது.

எந்த வழியாக இருந்தாலும் டெக்சாஸில் அறிக்கை போகும் இடம் வேறு. செகரட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் அன்று, கன்ட்ரோலர் எனப்படும் வரி அலுவலகத்திடம். ஆண்டுதோறும் மே 15க்குள் பொதுத் தகவல் அறிக்கை கொடுக்க வேண்டும். 2025 அறிக்கைக்கு, வரி தொடங்கும் வருமான வரம்பு 24 லட்சத்து 70 ஆயிரம் டாலராக இருந்தது. நீங்கள் அதற்கு மிகக் கீழே இருப்பீர்கள், வரி வராது. ‘வரி இல்லை’ என்று தெரிவிக்கும் தனிப் படிவத்தையும் 2024 முதல் எடுத்துவிட்டார்கள். அங்கேதான் வழுக்கல். வரியும் இல்லை, அந்தப் படிவமும் இல்லை என்று கேட்டதும் எதுவுமே அனுப்ப வேண்டியதில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பொதுத் தகவல் அறிக்கை இன்னும் கட்டாயம். அதை விட்டு, அறிவிப்பு வந்தபின்னும் 45 நாளுக்குள் செய்யாவிட்டால், நிறுவனம் தொழில் நடத்தும் உரிமையை இழக்கும். அந்நிலையில், கெடு நாளுக்குப் பின் ஏற்பட்ட நிறுவனக் கடன்களுக்கு அதை நடத்துகிறவர்கள் தாமே பொறுப்பாக நேரிடும். எல்எல்சி என்ற சுவரை எதற்காக எழுப்பினோமோ, அந்தச் சுவரே கட்டணமில்லாத ஓர் ஒற்றைப் பக்கப் படிவத்தால் விழுகிறது. அந்த அறிவிப்பும் எங்கே போகும்? பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான்.

செந்தாழை எழுதியது:

பேரேடு ஐயாவுக்கும், தமக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதிய ஓரக்குறிப்பு அவர்களுக்கும், மற்றவர்களுக்கும் நன்றி.

நேற்று டென்வரில் இயங்கும் முகவர் நிறுவனம் ஒன்றை ஓராண்டுக்கு அமர்த்தினேன். அவர்களின் ஒப்புதல் மின்னஞ்சல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அறிக்கையைத் தாக்கல் செய்யும்போது பேரேடு ஐயா சொன்ன வரியை இம்முறை நின்று படித்தேன். 2021 முதல் ஆண்டுதோறும் அந்தப் பக்கத்தைக் கடந்து வந்திருக்கிறேன், ஒருமுறைகூடப் படித்ததில்லை. தாக்கல் செய்து முடித்துப் பக்கத்தைப் புதுப்பித்தபோது ‘குட் ஸ்டாண்டிங்’ என்று மாறியிருந்தது. சான்றிதழை உடனே எடுத்து வங்கிக்கு அனுப்பிவிட்டேன். 195 டாலர் கடிதத்தின் பின்புறத்தில் உண்மையிலேயே பொடி எழுத்தில் அந்த வரி இருக்கிறது, வெளிர்சாம்பல் நிறத்தில்.

பழைய அடுக்ககத்தின் மேலாளரையும் தொலைபேசியில் அழைத்தேன். மார்ச்சுக்குப் பிறகு என் பெயரைக் கேட்டு யாரும் வந்ததாக அவருக்கு நினைவில்லை என்றார். அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

டெக்சாஸுக்கே மாற்றிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன், வழக்கறிஞரை அடுத்த வாரம் பார்க்கிறேன். இப்போது ஒரே ஓர் ஐயம். டெக்சாஸில் நானே முகவராக இருக்கலாமா, அல்லது அங்கேயும் ஒருவரை அமர்த்துவதுதான் நல்லதா?

பேரேடு எழுதியது:

இருக்கலாம். டெக்சாஸில் வசிக்கும் தனிமனிதர் முகவராகலாம். வேலை நேரத்தில் ஆவணத்தைக் கையில் கொடுக்கக்கூடிய தெரு முகவரி வேண்டும், வாடகை அஞ்சல் பெட்டிக் கடை மட்டும் போதாது. நிறுவனம் தனக்குத்தானே முகவராக முடியாது, ஆனால் அதன் உரிமையாளரான நீங்கள் ஆகலாம்.

யோசிக்க வேண்டியது வேறு. அந்த முகவரி பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி நிற்கும், உங்கள் வீட்டு முகவரி என்றால் அந்த 195 டாலர் கடிதங்களும் வீட்டுக்கே வரும். வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் வேலை பார்க்கும் நாட்களில் வீட்டில் ஆள் இருக்குமா என்பதும் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர், அண்மையில் வீடு மாறப்போவதில்லை என்றால் நீங்களே இருங்கள். வாடகை வீடு, ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது என்றால் சேவை நிறுவனத்துக்குக் கட்டிவிடுங்கள்.

நீங்களே என்று முடிவானால், டெக்சாஸ் சட்டப்படி முகவராகிறவரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். 401-ஏ என்ற படிவம் அதற்கென்றே இருக்கிறது. அதைத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை, நிறுவனக் கோப்பில் வைத்திருந்தால் போதும். செந்தாழையின் நிறுவனத்துக்குச் செந்தாழை எழுதிக் கொடுக்கும் கடிதம் என்பதால் பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கையெழுத்திட்டு, தேதி போட்டு, உருவாக்கச் சான்றோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.